அப்பாவோட பழைய போட்டுக்கு எந்த எஞ்சின்? முதல்ல ட்ரான்சத்தை (பின்பலகையை) தட்டிப் பாருங்க தம்பி

மொரிஷியஸ் மேற்கு கரையில ரிவியேர் நுவார் பக்கத்துல இருந்து 44 வயசு வாசகர் ஒருத்தர் மூணு பக்கத்துக்கு கடிதம் எழுதியிருக்கார். பேர் போட வேணாம்னு கேட்டிருக்கார், அதனால விஷயத்தை மட்டும் சுருக்கமா சொல்றேன்.

அவரோட அப்பா 1980கள்ல கட்டின 28 அடி ஃபைபர் போட் ஒண்ணு வெச்சிருந்தார். உள்ள ரெண்டு பெட்ரோல் வி-8 எஞ்சின், ஒவ்வொண்ணும் 5.7 லிட்டர், 260 குதிரைசக்தி, பின்னாடி ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் உள்ள, ப்ரொப்பெல்லர் கால் பின்பலகைக்கு வெளிய). அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. போன டிசம்பர்ல மோர்ன் முனை தாண்டி மீன் பிடிக்க போனப்ப இடது எஞ்சின் பட்டுனு நின்னு போச்சு, வலது எஞ்சினை மட்டும் வெச்சு மெதுவா கரை சேர்ந்திருக்காங்க. மெக்கானிக் திறந்து பார்த்தா ரெண்டு சிலிண்டருக்குள்ள உப்புத் தண்ணி, எஞ்சின் இறுகிப் போச்சு. இப்ப வீட்ல ஆளுக்கு ஒரு யோசனை. ஒரு வி-8 மட்டும் ரீகண்டிஷன் பண்ணினது வாங்கி மாத்தினா போதும்னு மெக்கானிக் சொல்றார். லாரி டீசல் எஞ்சினை மரைனா மாத்தி போட்டுக்கலாம், பாதி காசுல முடியும்னு மாமா சொல்றார். மச்சான் ரெண்டு 250 குதிரை அவுட்போர்டு, அதாவது பின்பலகைக்கு வெளிய தொங்கற எஞ்சின், மாட்டச் சொல்றார். இவருக்கு மனசு புது டீசல் ஜோடி மேல, "எண்ணெய் செலவுலயே போட்ட காசு திரும்பிடும்ல?"னு கேக்கறார். வருஷத்துக்கு 80 மணி நேரம் ஓடுற போட், வருஷம் பூரா மூரிங்ல (மிதவையில கட்டி) தண்ணியிலயே நிக்குது. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு டூரிஸ்டுகளை ஏத்தி சார்ட்டர் பண்ணலாமான்னும் ஒரு யோசனை இருக்கு. கையில 2.5 மில்லியன் ரூபா. கடைசி வரியில, "அப்பா எஞ்சினை நான்தான் கவனிக்காம கொன்னுட்டேனோன்னு இருக்கு"ன்னு எழுதியிருக்கார்.

தம்பி, அந்த கடைசி வரிக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அதை மனசுல வெச்சுக்கிட்டு நீங்க எடுக்கற முடிவு சரியா இருக்காது. எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு, அதாவது புகை வெளிய போற குழாய், அது மேல ரைசர்னு ஒரு வார்ப்பிரும்பு முழங்கை இருக்கும், எஞ்சின் புகை ஒரு வழியா வரும், குளிர வைக்கிற கடல் தண்ணி அதை சுத்தி இன்னொரு வழியா வரும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது ஒரு இரும்புச் சுவர்தான். உப்புத் தண்ணி அதை உள்ளேருந்தே தின்னும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும். சுவர் ஓட்டை விழுந்தா தண்ணி வால்வு வழியா நேரா சிலிண்டருக்குள்ள இறங்கும். நம்ம மாதிரி சூடான உப்புத் தண்ணியில அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவை அதை கழட்டி மாத்தியே ஆகணும். அப்பா கடைசியா எப்ப மாத்தினார்னு பில் தேடிப் பார்த்தேன், கிடைக்கலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நீங்க ஒண்ணும் கொல்லல, உள்ளேருந்து அரிச்சதை யாரும் பார்க்கல, அவ்வளவுதான்.

ஆனா இதுல இன்னொரு விஷயம் இருக்கு. வலது எஞ்சினோட ரைசரும் அதே வயசு, அதே தண்ணி. அதை கழட்டி பார்க்காம இனிமே அந்த போட்டை பாஸ் (பவளப்பாறை நடுவுல இருக்கிற திறப்பு) தாண்டி வெளிய கொண்டு போகாதீங்க. மெக்கானிக் சொல்ற மாதிரி இடது பக்கம் மட்டும் மாத்தினா, ஒரு பக்கம் புதுசு, இன்னொரு பக்கம் நாப்பது வருஷத்து பழசு, ரெண்டும் ஒரே வேகத்துல இழுக்காது, அடுத்த வருஷம் இன்னொண்ணுக்கும் காசு தேடணும். அவர் சொன்னது மலிவான வழிதான், ஆனா அந்த மலிவு ஒரு வருஷத்துக்குத்தான் நிக்கும்.

எஞ்சினுக்கு முன்னாடி மரம்

உங்க கடிதத்துல மூணு பக்கமும் எஞ்சின், எஞ்சின், எஞ்சின். ட்ரான்சம் பத்தி ஒரு வார்த்தை இல்ல. பின்பலகை அதாவது ட்ரான்சம், அந்த காலத்து ஃபைபர் போட்டுல பெரும்பாலும் உள்ள பிளைவுட் வெச்சு வெளிய ஃபைபர் போர்த்தினதுதான். ஸ்டெர்ன்டிரைவுக்காக அதுல ரெண்டு பெரிய ஓட்டை வெட்டியிருப்பாங்க, அதை சுத்தி ஏகப்பட்ட போல்ட். நாப்பது வருஷத்துல ஏதாவது ஒரு போல்ட் ஓரமா தண்ணி ஊறாம இருந்தா அது அதிர்ஷ்டம். அடியில நீளவாக்குல ஓடற ஸ்ட்ரிங்கரும் அப்படித்தான், எஞ்சின் உக்கார்ந்திருக்கிறதே அது மேலதான்.

போட்டை கரைக்கு ஏத்தி ரெண்டு நாள் காய விடுங்க. சின்ன பிளாஸ்டிக் தலை சுத்தியல் எடுத்து ட்ரான்சம் மேலேருந்து கீழ வரைக்கும், ஓரத்துலேருந்து நடு வரைக்கும், ரெண்டு இஞ்சுக்கு ஒரு தட்டு தட்டிக்கிட்டே போங்க. நல்ல மரம் இருக்கிற இடத்துல "டக் டக்"னு சின்னதா, கூர்மையா கேக்கும். ஊறிப்போன இடம் வந்ததும் சத்தம் செத்துடும், "தொப்"னு கேக்கும், ஈரத் துணி மேல தட்டின மாதிரி. அந்த இடத்தை எல்லாம் பென்சில்ல வட்டம் போட்டு வைங்க. அப்புறம் உள்பக்கம் கீழ, டிரைவ் ஓட்டைக்கு கிட்ட 6 மில்லிமீட்டர் டிரில் வெச்சு மரம் வரைக்கும் ஒரு சின்ன ஓட்டை போடுங்க, வெளிப்பக்க ஃபைபரை தொடக்கூடாது. வர்ற தூளை உள்ளங்கையில வாங்கி பாருங்க. வெளிர் நிறமா, காஞ்சு, மர வாசனையோட வந்தா நல்லது. கருப்பா, கையில ஒட்டிக்கிட்டு, பழைய சாக்கு வாசனை வந்தா உள்ள உளுத்துப் போச்சு. ஓட்டையை எபாக்சி வெச்சு அடைச்சுடலாம், அஞ்சு நிமிஷ வேலை, ஆனா அந்த ஒரு சிட்டிகை தூளுதான் உங்க 2.5 மில்லியன் எங்க போகணும்னு சொல்லும்.

நான் இதை இவ்வளவு சொல்றதுக்கு காரணம் இருக்கு. சில வருஷம் முன்னாடி கிழக்கு கரையில ஒருத்தர் இதே மாதிரி போட்டுக்கு ட்ரான்சம் பார்க்காம ரெண்டு புது அவுட்போர்டு மாட்டிட்டார், வேலை செஞ்சவங்களும் பார்க்கல. மூணாவது மாசம் என்னை கூப்பிட்டார். த்ராட்டில் போட்டதும் பின்பலகை முன்னும் பின்னும் அசையறதை கண்ணால பார்க்க முடிஞ்சது, மூலையில தலைமயிர் மாதிரி விரிசல். புது எஞ்சின் ரெண்டையும் இறக்கி வெச்சுட்டு, ட்ரான்சத்தை வெட்டி எடுத்து திரும்ப கட்டினோம். முதல்லயே செஞ்சிருந்தா ஆகுற செலவைவிட ரொம்ப அதிகமாச்சு, ஒரு சீசன் முழுக்க போட் கரையில கிடந்தது.

ட்ரான்சம் உளுத்திருந்தாலும் பயப்படாதீங்க, வெட்டி புதுசா கட்டலாம், நம்ம ஊர்லயே ஃபைபர் வேலை நல்லா தெரிஞ்சவங்க இருக்காங்க. ஆனா ட்ரான்சம், ஸ்ட்ரிங்கர், டெக் மூணுமே போயிருந்தா, இது அப்பா போட் அப்படிங்கற பாசத்தை கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, நல்ல உடம்போட இருக்கிற வேற போட்டை பார்க்கறதும் ஒரு வழிதான். சொல்ல கஷ்டமா இருக்கு, ஆனாலும் சொல்லணும்.

எத்தனை குதிரை வேணும்?

மச்சான் ரெண்டு 250 சொல்றார், பழசு ரெண்டு 260, அதனால சமமா இருக்கணும்னு நினைக்கிறார். குதிரையை ரெண்டு மடங்காக்கினா வேகம் ரெண்டு மடங்கு ஆகாது தம்பி, தண்ணி மேல எழும்பி ஓடற போட்டுல வேகம் ஏறக்குறைய சக்தியை எடையால வகுத்தா வர்றதோட வர்க்கமூலம் கணக்குலதான் ஏறும். பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, க்ரௌச் ஃபார்முலான்னு சொல்லுவாங்க. அதை உங்க போட்டுக்கு போட்டு பார்த்தேன், ஆள், ஐஸ், எண்ணெய் எல்லாம் சேர்த்து 4 டன்னு வெச்சு. 520 குதிரைக்கு 31 நாட் (மணிக்கு கடல்மைல்) சுமார் வருது, 400க்கு 27 அல்லது 28, 300க்கு 24. அதாவது 220 குதிரையை குறைச்சும் 7 நாட்தான் போகுது. அதுவும் அந்த காலத்து 260ங்கறது எஞ்சின் கிராங்க்ல அளந்த எண், இப்ப வர்ற அவுட்போர்டு எண் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்ல அளக்கறது, அதனால பழைய 260 நிஜத்துல தண்ணிக்கு கொடுத்தது அதைவிட குறைவுதான்.

தென்கிழக்கு காத்து அடிக்கிற ஜூலை மாசத்துல அலையில 31 நாட் ஓட்டினதா உங்க அப்பாவே சொல்லியிருக்க மாட்டார், இடுப்பு ஒடிஞ்சிடும். 22 நாட்ல நிம்மதியா ஓடணும், அதுக்கு மேல கொஞ்சம் கையிருப்பு வேணும். அதுக்கு ரெண்டு 150 ஆரம்பம், ரெண்டு 200 தாராளம். ரெண்டு 250 வேணாம், எடையும் காசும் பின்னாடி தொங்கும்.

டீசல் கணக்கை உக்கார்ந்து போட்டு பார்ப்போம்

உங்க மனசு டீசல் மேல இருக்கு, அது தப்பில்ல, டீசல் நல்ல எஞ்சின், பெட்ரோல் ஆவி பயமும் இல்ல. ஆனா காசு திரும்பி வரும்ங்கற எண்ணத்தை மட்டும் கொஞ்சம் பார்க்கலாம். நல்ல டீசல் ஒரு குதிரைக்கு ஒரு மணி நேரத்துக்கு சுமார் 0.2 லிட்டர் குடிக்கும், இப்பத்திய ஃபோர்-ஸ்ட்ரோக் பெட்ரோல் சுமார் 0.3 லிட்டர், உங்க பழைய கார்புரேட்டர் வி-8 அதைவிட மோசம். இதை மட்டும் பார்த்தா டீசல் மூணுல ஒரு பங்கு மிச்சம்.

ஆனா நீங்க 80 மணி நேரத்துல பெரும்பாலும் என்ன பண்றீங்க? தூண்டில் கயிறு விட்டு 8 நாட்ல இழுத்துக்கிட்டு போறீங்க. 55 மணி நேரம் அப்படி, 25 மணி நேரம்தான் வேகமா ஓட்டம்னு வெச்சுக்குவோம். இழுக்கும்போது பெட்ரோல் ஜோடி 16 லிட்டர், டீசல் ஜோடி 9 லிட்டர். ஓட்டத்துல பெட்ரோல் 45, டீசல் 30. வருஷத்துக்கு கூட்டினா பெட்ரோல் 2,005 லிட்டர், டீசல் 1,245 லிட்டர், வித்தியாசம் 760 லிட்டர். லிட்டர் 60 ரூபான்னு ஒரு பேச்சுக்கு வெச்சா வருஷத்துக்கு 45,600 ரூபா மிச்சம். நீங்க அனுப்பின பெட்ரோல், டீசல் ரெண்டு கொட்டேஷனுக்கும் நடுவுல 1.5 மில்லியன் வித்தியாசம். திரும்பி வர முப்பது வருஷத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள அந்த டீசலையே ஒரு தடவை மாத்தியிருப்பீங்க. டர்போ டீசலுக்கு நாள் பூரா லேசான வேலை கொடுத்து இழுக்க விட்டா அதுக்கும் ஒத்துக்காது, உள்ள கரி படியும், அப்பப்ப சூடு ஏத்தி ஓட்டணும்.

இதே கணக்கை சார்ட்டருக்கு, வருஷத்துக்கு 500 மணி நேரத்துக்கு போட்டா மிச்சம் ஆறு மடங்கு ஆகும், பெட்ரோல் எஞ்சின் தேய்மானமும் சேரும், அப்ப டீசல்தான் சரி. அதனால வருஷத்துக்கு எத்தனை மணி நேரம், அதுல எவ்வளவு வேகமா, இந்த ரெண்டையும் எழுதி வெச்சுட்டுதான் டீசலா பெட்ரோலான்னு கேக்கணும்.

டிரைவ்தான் உங்களுக்கு பெரிய கேள்வி

ஸ்டெர்ன்டிரைவ் ஒண்ணும் மட்டமான சாமான் இல்ல. 1959ல வோல்வோ பெண்டா அக்வாமேட்டிக்னு கொண்டு வந்து உலகம் பூரா பரவினது, 1982ல ரெண்டு ப்ரொப்பெல்லர் எதிரெதிரா சுத்தற டுவோப்ராப் வந்தது, வேகத்துக்கும் எண்ணெய்க்கும் ஷாஃப்ட்டைவிட (அடிப்பலகை வழியா நேரா ப்ரொப்பெல்லருக்கு போற தண்டு) நல்லாவே இருக்கும். ஆனா அது ஓட்டி முடிச்சதும் டிரெய்லர்ல ஏத்தி நல்ல தண்ணியில கழுவற ஆளுக்கு செஞ்சது. உங்க போட் வருஷம் பூரா லகூன்ல (பவளப்பாறைக்கு உள்பக்க கடல்) நிக்குது. டிரைவும் எஞ்சினும் சேர்ற இடத்துல பெல்லோஸ்னு ஒரு ரப்பர் மடிப்பு இருக்கும், அக்கார்டியன் மாதிரி, அது தண்ணி மட்டத்துக்கு கீழ. அந்த மடிப்பு இடுக்குல சிப்பி ஒட்டி வளரும், டிரைவை திருப்பும்போது அந்த சிப்பி விளிம்பு ரப்பரை பிளேடு மாதிரி அறுக்கும். ஒரு கிழிசல் போதும், ராத்திரி நீங்க தூங்கும்போது போட் மூரிங்லயே உக்கார்ந்துடும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், ரெண்டு டிரைவுக்கும். டிரைவ் அலுமினியம், அதுமேல செம்பு கலந்த ஆண்டிஃபவுலிங் (சிப்பி ஒட்டாம தடுக்கிற பெயிண்ட்) பூசினா அலுமினியமே கரையும், பல பேர் தெரியாம பூசிடறாங்க. புது டீசல் ஸ்டெர்ன்டிரைவ் வாங்கினாலும் இந்த தலைவலி மொத்தமும் அப்படியே கூட வரும்.

ஷாஃப்ட் டிரைவ் தண்ணியிலயே நிக்கிற போட்டுக்கு பிறந்தது. வெண்கல ப்ரொப்பெல்லர், ஸ்டீல் ஷாஃப்ட், ரப்பர் பேரிங், தண்ணிக்கு கீழ அவ்வளவுதான். வருஷக்கணக்கா பெரிய வேலை கேக்காது. ஆனா உங்க போட் அதுக்கு கட்டினது இல்ல. ட்ரான்சம் ஓட்டை ரெண்டையும் அடைச்சு, எஞ்சினை நடுவுக்கு கொண்டு வந்து, அடியில ஷாஃப்ட்டுக்கு புதுசா வழி வெட்டி, ஸ்ட்ரட் (ஷாஃப்ட்டை தாங்கற கால்), ரட்டர் (சுக்கான்), ஸ்டீரிங் எல்லாம் மாத்தி, அது முடியும்போது நடு டெக்ல பெட்டி மாதிரி எஞ்சின் நிக்கும், மீன் பிடிக்கிற இடமே போயிடும். அவ்வளவு காசுக்கு ஷாஃப்ட்டோடயே வர்ற பழைய போட் ஒண்ணு வாங்கிடலாம். ப்ரொப்பெல்லருக்கு பதிலா தண்ணியை பின்னாடி பீச்சற ஜெட் பத்தியும் ஒரு வரி கேட்டிருந்தீங்க, ஆழமில்லாத லகூனுக்கு ஆசையாத்தான் இருக்கும், ஆனா 8 நாட்ல நாள் பூரா இழுக்கிற வேலைக்கு அது ஆகாது, எண்ணெய் தின்னும். எலக்ட்ரிக் இந்த எடைக்கு இப்ப வேணாம், 100 லிட்டர் டீசல் கொடுக்கிற வேலைக்கு ரெண்டு டன்னுக்கு மேல பேட்டரி ஏத்தணும்.

மிச்சம் அவுட்போர்டு. இங்க மச்சான் பக்கம் நான் சாயறேன், அவர் சொன்ன அளவுல இல்லாட்டாலும். முதல் காரணம், மூரிங்ல நிக்கும்போது ப்ரொப்பெல்லரையும் எஞ்சினோட கீழ்ப்பகுதியையும் தூக்கி தண்ணிக்கு வெளிய வெச்சுடலாம், சிப்பி கிடையாது, பெல்லோஸ் கிடையாது, ட்ரான்சத்துல தண்ணி மட்டத்துக்கு கீழ டிரைவுக்கு வெட்டின பெரிய ஓட்டை கிடையாது. ரெண்டாவது, லகூன்ல பவளப்பாறை தட்டினா ஸ்டெர்ன்டிரைவ் மாதிரி பெரிய வேலை வைக்காது. மூணாவது, இந்த தீவுல பிரோக் (சின்ன மீன்பிடி படகு) வெச்சிருக்கிற மீனவன் ஒவ்வொருத்தனும் அவுட்போர்டுதான் ஓட்டறான், மஹேபூர்க்ல கேட்டாலும் கிராண்ட் பேல கேட்டாலும் அதை திறந்து பார்க்க ஆள் இருக்கு, சாமான் இருக்கு. டீசல் ஸ்டெர்ன்டிரைவோட ஒரு கன்ட்ரோல் யூனிட் போச்சுன்னா கப்பலுக்கு காத்திருக்கணும். புயல் சீசன்ல, நவம்பர்லேருந்து மே வரைக்கும், போட்டை அவசரமா மேல ஏத்தறப்ப எடை குறைஞ்சது எவ்வளவு உதவின்னு உங்களுக்கே தெரியும்.

குறையும் இருக்கு, மறைக்கல. உங்க பழைய எஞ்சின் டிரைவோட ஒவ்வொண்ணும் 400 கிலோவுக்கு மேல, 150 அவுட்போர்டு ஒண்ணு சுமார் 220 கிலோ, மொத்தத்துல 400 கிலோ சுமார் குறையுது, ஆனா மிச்ச எடை ஒன்றரை மீட்டர் பின்னாடி போயிடும். போட் சும்மா நிக்கும்போதே பின்பக்கம் அழுந்தி, டெக் தண்ணி வடியற ஓட்டை வழியா கடல் தண்ணி உள்ள வரலாம். அதனால ட்ரான்சத்துல நேரா மாட்டாம, மிதக்கிற பெட்டி வெச்ச பிராக்கெட் போடணும், பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் முன்னாடி தள்ளணும். செய்யறதுக்கு முன்னாடி மணல் மூட்டையை பின்பக்கம் ஏத்தி போட் எவ்வளவு இறங்குதுன்னு தண்ணியில வெச்சே பார்த்துடலாம், நான் எப்பவும் அப்படித்தான் பண்றேன். இன்னொண்ணு, பெரிய மார்லின் மீன் கடிச்சு பின்னாடி சுத்தினா கயிறு அவுட்போர்டுல மாட்டும், பழகணும்.

ரெண்டு எஞ்சின் இருந்தா எப்பவும் பத்திரம்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் ஒரே டேங்க்ல ஒரே குழாய்ல குடிச்சா, தண்ணி கலந்த பெட்ரோல் வந்ததும் ரெண்டும் சேர்ந்தே நிக்கும். ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபில்டர், 10 மைக்ரான் தண்ணி பிரிக்கிறது, தனி பேட்டரி, முடிஞ்சா தனி டேங்க். அப்பத்தான் அது ரெண்டு எஞ்சின். நம்ம மேற்கு கரையில காத்து கரையிலேருந்து கடலுக்கு அடிக்குது, எஞ்சின் நின்னா போட் கரைக்கு ஒதுங்காது, மடகாஸ்கர் திசையில போகும். அதனாலதான் பெரிய எஞ்சின் ஒண்ணும் பக்கத்துல சின்ன 15 குதிரையும் போதும்னு யார் சொன்னாலும் நான் உங்களுக்கு சொல்ல மாட்டேன், 20 நாட் காத்துக்கு எதிரா அந்த சின்னது 4 டன்னை நகத்தாது.

மாமா சொன்ன லாரி எஞ்சின்

மாமா அனுபவத்துல பேசறார், மெதுவா போற கனமான மீன்பிடி படகுல லாரி டீசல் வருஷக்கணக்கா ஓடினதை நானே பார்த்திருக்கேன். ஆனா லாரி சமதரையில பாதி சக்திகூட எடுக்காம ஓடும், ஏத்தத்துல மட்டும் முழுசா இழுக்கும். வேகமான போட் நாள் பூரா ஏத்தம் ஏறற மாதிரி, முக்கால் சக்திக்கு குறையாது. அந்த சூட்டை வெளிய தள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சர், தண்ணி சட்டை போட்ட மானிஃபோல்டு, டர்போ, மரைன் கியர்பாக்ஸ், அதிர்வு தாங்கற கப்ளிங் எல்லாம் வேணும். தண்ணி விட்டு குளிர வைக்காத காஞ்ச எக்ஸாஸ்ட் ஃபைபர் போட்டுக்குள்ள இருந்தா அது அடுப்பை மரப்பெட்டிக்குள்ள வெச்ச மாதிரி. இதெல்லாம் வாங்கி முடிக்கும்போது பாதி காசுங்கறது நிக்காது. மாமாகிட்ட இதை தன்மையா சொல்லுங்க, அவர் கெடுதல் நினைச்சு சொல்லல.

காசு, பேப்பர், கையெழுத்து

யானை வாங்கினவன் அங்குசத்துக்கு காசு இல்லாம நின்ன கதை ஆகிடக்கூடாது. என் அனுபவத்துல எஞ்சின் விலை மொத்த செலவுல பாதிதான். பிராக்கெட், ட்ரான்சம், டேங்க், ஹைட்ராலிக் ஸ்டீரிங், வயரிங், ப்ரொப்பெல்லர், கிரேன், பழசை கழட்டற கூலி எல்லாம் மிச்ச பாதி. கொட்டேஷன்ல 15 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கா சேரலையான்னு எழுத்துல கேளுங்க, உங்களுக்கு வந்ததுல ஒண்ணுல அது இல்ல. எல்லா காசையும் முன்னாடியே கொடுக்காதீங்க, கடைசி ஒரு பங்கை கடல் சோதனை முடியற வரைக்கும் வெச்சுக்கோங்க. அந்த சோதனையில முழு எண்ணெய், நாலு ஆள், ஐஸ் ஏத்தி த்ராட்டிலை முழுசா தள்ளணும், எஞ்சின் புத்தகத்துல சொன்ன ஆர்பிஎம், 150க்கு பெரும்பாலும் 5,000லேருந்து 6,000, அதோட மேல்பாதிக்கு வரணும். வரலைன்னா ப்ரொப்பெல்லர் பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னேறற கணக்கு தூரம்) அதிகம், ஒரு இஞ்சு குறைச்சா 150லேருந்து 200 ஆர்பிஎம் ஏறும். இது சரியாகாம கையெழுத்து போடாதீங்க, கனமான ப்ரொப்பெல்லரோட ஓடற எஞ்சின் சீக்கிரம் சாகும்.

வெளிநாட்டுலேருந்து பழைய அவுட்போர்டு மலிவா வருதுன்னு யாராவது சொன்னா, சீரியல் நம்பரும் கம்ப்யூட்டர்ல எடுத்த மணி நேர ரிப்போர்ட்டும் இல்லாம தொடாதீங்க. இன்னொண்ணு முக்கியம், புது எஞ்சின் வாரண்டி குடும்ப உபயோகத்துக்கு ஒரு மாதிரி, சார்ட்டருக்கு வேற மாதிரி இருக்கும். சார்ட்டர் யோசனை இருக்கறதை மறைச்சு வாங்கினா நாளைக்கு க்ளெய்ம் நிக்காது. டூரிசம் அத்தாரிட்டியில எஞ்சின் வகையும் குதிரையும் மாறப்போகுதுன்னு வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போய் கேட்டு, என்ன பேப்பர் வேணும்னு எழுத்துல வாங்குங்க, இன்சூரன்ஸ்லயும் அப்படியே. இந்த போட்டுக்கு கம்பெனி அவுட்போர்டு அளவு எதுவும் குறிக்கல, அதனால பிராக்கெட்டுக்கும் எடைக்கும் ஒரு போட் சர்வேயர் கையெழுத்து போட்ட கடிதம் கையில இருக்கட்டும், விக்கும்போதும் அது கேப்பாங்க.

அப்ப என்ன பண்ணலாம்?

சார்ட்டர் வெறும் ஆசையா, நிஜமாவே செய்யப்போறீங்களா, இதை முதல்ல வீட்ல உக்கார்ந்து முடிவு பண்ணுங்க. நிஜம்னா இந்த போட்டுல பெரிய காசு போடாதீங்க, அதுக்குன்னு ஷாஃப்ட் டீசல் போட் தேடுங்க. குடும்பத்தோட, நண்பர்களோட 80 மணி நேரம்தான்னா, ட்ரான்சம் நல்லா இருந்தா அல்லது திரும்ப கட்டினா, ரெண்டு 150 அல்லது ரெண்டு 200 ஃபோர்-ஸ்ட்ரோக், மிதக்கிற பிராக்கெட், தனித்தனி ஃபில்டர். 2.5 மில்லியன்ல 200 இடிச்சா 150 எடுங்க, அந்த மிச்சத்தை ட்ரான்சத்துல போடுங்க. அதுவரைக்கும் லகூனுக்குள்ள வலது எஞ்சின்ல ஓட்டறதா இருந்தா ரைசரும் பெல்லோஸும் மாத்திட்டு, பெட்ரோல் எஞ்சின் அறை ப்ளோயரை (ஆவியை வெளிய தள்ற விசிறி) நாலு நிமிஷம் ஓட விட்டு, மூடியை தூக்கி மோந்து பார்த்துட்டு சாவி போடுங்க. அப்பா இதை தினமும் பண்ணினதா எழுதியிருக்கீங்க, பையனுக்கும் சொல்லிக் கொடுங்க.

ஸ்டீரிங் பக்கத்துல அப்பா ஒட்டின முருகன் படத்தோட இருக்கிற பழைய டேஷ்போர்டை புது மீட்டருக்காக வெட்டணும்னு ஒரு கொட்டேஷன்ல பார்த்தேன். வேணாம். இப்ப எல்லா மீட்டரும் ஒரே சின்ன ஸ்கிரீன்ல வருது, அதை தனி பிராக்கெட்ல மேல மாட்டிக்கலாம், பழைய வட்ட மீட்டர் அப்படியே இருக்கட்டும். தூள் எடுத்ததும் அதை வெள்ளை பேப்பர் மேல வெச்சு ஒரு போட்டோ அனுப்புங்க, பார்த்துட்டு ட்ரான்சம் வேலை எவ்வளவு இருக்கும்னு சொல்றேன்.